யூத்ஸ் என்று எழுதினேன்

2025ஆம் ஆண்டு கிறிஸ்து அரசர் பெருவிழாவிற்குப் பத்து நாள்களே இருந்தன. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், மறைமாவட்ட அளவிலான உலக இளையோர் நாளைக் குருத்து ஞாயிறிலிருந்து அப்பெருவிழாவிற்கு மாற்றி 2020இல் அறிவித்தது முதல், நவம்பர் மாதம் எங்கள் பங்கில் சற்று ஆரவாரமான மாதமாகிவிட்டது. அன்று மாலை செபமாலை முடிந்து நான் வராந்தாவில் அமர்ந்திருந்தபோது, இரண்டு தம்பிகளும் ஒரு பெண்ணுமாக மூவர் வந்து நின்றனர். பெண்ணின் கையிலிருந்த கைப்பேசியில், மறுநாள் அச்சுக்குப் போகவேண்டிய பிளெக்ஸ் பதாகையின் மாதிரி இருந்தது.

எங்கள் ஊருக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரி உண்டு. ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வந்து தங்கிப் படிக்கும் கத்தோலிக்க மாணவர் சிலர் ஞாயிறு திருப்பலிக்கு எங்கள் ஆலயத்திற்கே வருகின்றனர். அவர்களுக்காக, பதாகையில் தமிழ் வரிக்குக் கீழே ஆங்கிலத்திலும் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். 'ஆல் யூத்ஸ் ஆர் வெல்கம்' என்பது அந்த வரி. நல்ல எண்ணந்தான். ஆனால் அந்த இரண்டாம் சொல்லைக் கண்டதும் என் விரல் தானாகவே அதன்மேல் போய் நின்றது.

"இதை மாற்றிவிடலாமே" என்றேன்.

அந்தப் பெண் ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிப்பவள். எளிதில் விட்டுக்கொடுப்பவள் அல்லள். "ஏன் ஃபாதர்? பாய், பாய்ஸ். கேர்ள், கேர்ள்ஸ். யூத், யூத்ஸ். அகராதியில இருக்கே" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். அகராதியில் இருக்கிறது. அது பிழையான சொல் அன்று. 24 ஆண்டுகளுக்கு முன் நானும் இதே வாதத்தைத்தான் ஒரு மூத்த அருட்சகோதரியிடம் வைத்தேன். அந்தப் பெண்ணிடம் என்ன விடை சொல்வதென்று எனக்கு உடனே தோன்றவில்லை. உள்ளே சென்று, என் பழைய கோப்பு ஒன்றைத் தேடி எடுத்து வந்தேன்.

குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில், கரிசல் நிலத்துப் பங்கு ஒன்றில் நான் பணியாற்றிக்கொண்டிருந்தேன். மழை பொய்த்தால் தீப்பெட்டி, மழை பெய்தாலும் பாதி வீட்டில் தீப்பெட்டி என்று வாழ்ந்த மக்கள். பள்ளியிறுதி வரை படித்த பிள்ளைகள்கூடப் பகலில் தீப்பெட்டி ஒட்டிவிட்டு மாலையில்தான் புத்தகத்தைத் தொடுவார்கள். அவர்களில் ஒரு குழுவினர் என்னிடம் வந்து, மாலை நேரத்தில் தட்டச்சும் கணிப்பொறியும் கற்றுக்கொள்ள ஏதாவது வழி உண்டா எனக் கேட்டனர். கணிப்பொறி அப்போது பெருநகரங்களின் சொத்து. எங்கள் ஒன்றியத்தில் ஓரிரு அலுவலகங்களில் துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்த பொருள் அது.

பெயர் கொடுத்தவர்கள் 32 பேர். அவர்களுள் 19 பேர் பெண் பிள்ளைகள். உண்மையில் இந்த விண்ணப்பத்தின் உயிரே அவர்கள்தாம். முதலில் வந்து கேட்டவள், பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்று, கல்லூரிக்கு அனுப்ப வசதியில்லாமல் வீட்டில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பெண். "டவுன்ல கம்ப்யூட்டர் படிச்சவங்களுக்கு வேலை இருக்குதாம் சாமி" என்று அவள் சொன்னபோது மற்றவர்கள் அவளுக்குப் பின்னால் ஒளிந்து நின்றதை இன்றும் நினைவுகூர்கிறேன்.

ஐரோப்பிய நாடொன்றில் இயங்கிய உதவி அமைப்புக்கு நான் ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். ஆண்டு 2001. பங்கு இல்லத்தின் பழைய தட்டச்சுப் பொறியில் இரண்டு இரவுகள் அமர்ந்து அடித்தேன். குருமடத்தில் ஆங்கிலத்தில் இறையியல் தேர்வு எழுதியவன் என்ற பெருமிதம் எனக்குண்டு. ஆகவே அக்கடிதத்தை எவரிடமும் காட்டவில்லை. 'தர்ட்டி டூ யூத்ஸ் ஆஃப் அவர் பாரிஷ்' என்று அதன் முதல் பத்தியில் எழுதினேன். அதன்பின் கடிதம் முழுவதும் 'தீஸ் யூத்ஸ்', 'அவர் யூத்ஸ்' என்றே வந்தது. மூன்று பக்கங்களில் ஓரிடத்திலாவது பெண் என்ற சொல்லை நான் எழுதவில்லை. எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. யூத் என்றால் எல்லாரும் என்றுதானே பொருள்! எங்கள் பங்கில் யூத் மீட்டிங் என்று அறிவித்தால் இருபாலாரும்தானே வருகின்றனர்!

மூன்று மாதங்களுக்குப் பின் பதில் வந்தது. மிக்க மரியாதையோடு எழுதப்பட்ட கடிதம். பயனாளிகளில் பாதிப்பேராவது பெண்களாக இருக்கவேண்டும் என்பது தங்கள் விதியென்றும், நான் அனுப்பிய திட்டம் இளம் ஆண்களுக்கு மட்டுமானதாகத் தெரிவதால் அவ்வாண்டுப் பட்டியலில் சேர்க்க இயலவில்லையென்றும், பெண்களையும் உட்படுத்தித் திட்டத்தை மாற்றியமைத்தால் அடுத்த ஆண்டு பரிசீலிக்கப்படும் என்றும் அதில் இருந்தது.

எனக்குச் சினம் வந்தது. 19 பெண்களைக் கண்முன் வைத்துக்கொண்டு எழுதிய கடிதத்தைப் பார்த்து, பெண்களே இல்லை என்கிறார்களே! கண் தெரியாதவர்கள் படித்தார்களா? அந்தச் சினத்தோடுதான் அருகிலிருந்த கன்னியர் இல்லத்துக்குச் சென்றேன். அங்கே நாற்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்ற ஓர் அருட்சகோதரி இருந்தார். இரண்டு கடிதங்களையும் அவரிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதலில் என் கடிதத்தை வாசித்தார். பின்பு அவர்களுடையதை வாசித்தார். மீண்டும் என்னுடையதை எடுத்தார்.

"உங்க கடிதத்துல இலக்கணப் பிழை ஒண்ணும் இல்லை ஃபாதர். ஆனா, நீங்க நினைச்சது ஒண்ணு, எழுதினது ஒண்ணு" என்றார்.

அகராதியில் உள்ள சொல்தானே சிஸ்டர் என்று நான் வாதாடினேன். அவர் ஒரு மாணவனை அமரவைப்பதுபோல் என்னை அமரவைத்து விளக்கினார். அன்று அவர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன்.

யூத் என்ற ஒரே வடிவத்துக்குள் மூன்று சொற்கள் குடியிருக்கின்றன. முதலாவது, இளமை என்னும் பருவம். 'இன் ஹிஸ் யூத்', 'இன் ஹெர் யூத்' என்று எழுதுவது இதுவே. நாம் இளமைகள் என்று சொல்வதில்லை அல்லவா? அதுபோல் இதற்குப் பன்மையும் இல்லை, முன்னால் 'எ' என்பதும் வராது. இரண்டாவது, இளையோர் அனைவரையும் ஒருசேரக் குறிக்கும் தொகுதிப்பெயர். 'தி யூத்' என்று முன்னால் 'தி' சேர்த்தோ, 'தி யூத் ஆஃப் அவர் பாரிஷ்' என்றோ எழுதுவோம். இதில் ஆண்களும் உண்டு, பெண்களும் உண்டு. இதற்கு வினைச்சொல் ஒருமையிலும் வரலாம், பன்மையிலும் வரலாம். ஆனால் சொல்லோடு எஸ் சேராது. மூன்றாவதுதான் என்னைக் கவிழ்த்தது. 'எ யூத்' என்று ஒருவரைச் சுட்டினால், ஆங்கிலேயர் காதில் விழுவது இளைஞன் ஒருவன் மட்டுமே. 'யூத்ஸ்' என்பது அந்த இளைஞனின் பன்மை. இளம்பெண் ஒருத்தியை 'எ யூத்' என்று எவரும் எழுதுவது அரிது. ஆக, 'தர்ட்டி டூ யூத்ஸ்' என்று எழுதியபோது 32 ஆண்பிள்ளைகளை நான் வரிசையில் நிறுத்திவிட்டேன்.

"அது மட்டுமில்லை. இந்த வாரப் பேப்பரை எடுத்துப் பாருங்க. யூத்ஸ்ங்கிற சொல் எங்கே வருதுன்னு பாருங்க" என்றார் சகோதரி.

அந்த வாரத்து ஆங்கில நாளிதழ்களை எடுத்துப் பார்த்தேன். பைக்கில் சென்று சங்கிலி பறித்தோர், பேருந்தின்மீது கல்லெறிந்தோர், ஆற்றில் குளிக்கச்சென்று மூழ்கியோர் ஆகியோரே அச்சொல்லால் குறிக்கப்பட்டிருந்தனர். தேர்வில் முதலிடம் பெற்றவர் அந்த நாளிதழில் ஸ்டூடண்ட். பரிசு வென்றவர் யங் சயன்டிஸ்ட். பிடிபட்டவர் மட்டும் யூத். ஒரு பெண்ணைக்கூட அந்த வாரம் அச்சொல் குறிக்கவில்லை. அந்தச் சொல்லுக்கு வேண்டாத வாடை ஒன்று ஏறிவிட்டிருந்ததை எனக்கு ஆங்கிலம் கற்பித்தவர்கள் எவரும் சொல்லவில்லை. அவர்களுக்கும் அது தெரிந்திருக்குமோ என்னவோ.

சகோதரி சொன்ன வழி எளியது. பருவத்தைச் சொல்ல யூத் என்று எழுதலாம். எல்லாரையும் ஒரே தொகுதியாகச் சொல்ல 'தி யூத்' போதும். இன்னொரு சொல்லுக்கு அடையாக வரும்போதும் எஸ் வேண்டியதில்லை. யூத் கொயர், யூத் குரூப், யூத் டே என்பனவே சரி. எண்ணிக்கை சொல்ல வேண்டிய இடத்திலோ, ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டிய இடத்திலோ, அச்சொல்லையே விட்டுவிட்டு 'யங் பீப்பிள்' என்று எழுதவேண்டும். இன்னும் நல்லது, 'யங் விமன்' இத்தனை, 'யங் மென்' இத்தனை என்று பிரித்து எழுதுவது. அமெரிக்காவில் சமூகப்பணித் துறையினர் எஸ் இல்லாமலே 'ஃபைவ் யூத்' என்று எழுதுவதைப் பிற்காலத்தில் கண்டிருக்கிறேன். அங்கே அது வழக்காகிவிட்டது. ஆயினும் என் காதுக்கு அது இன்னும் நொண்டுகிறது.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. குருமடத்தில் கிரேக்கமும் இலத்தீனும் ஓரளவு படித்தவன் நான். இந்த வேறுபாடு அங்கேயே என் முன்னால் கிடந்ததை அன்றுதான் உணர்ந்தேன். பவுல் திமொத்தேயுவுக்கு, அவரது இளமையை எவரும் தாழ்வாகக் கருதாதபடி நடந்துகொள்ள அறிவுறுத்தும் இடத்தில் கிரேக்கச் சொல் நெயோத்தேஸ். அது பருவம். அதே பவுல் துரோவாவில் நள்ளிரவுவரை பேசிக்கொண்டே போனபோது, சன்னலில் உட்கார்ந்து உறங்கி, மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தவரைத் திருத்தூதர் பணிகள் நெயானியாஸ் என்கிறது. அது ஆள். கிரேக்கத்தில் இரண்டும் ஒரே வேரிலிருந்து முளைத்தாலும் வடிவத்தில் வேறுபட்டவை. படிப்பவன் குழம்ப வழியில்லை. ஆங்கிலத்தில் இரண்டு பொருளையும் யூத் என்ற ஒரே சொல் தாங்க முடியும். (சன்னலிலிருந்து விழுந்தவரின் பெயர் தமிழில் யூத்திகு என்று வருவது வெறும் ஒலி ஒற்றுமைதான். ஆயினும், நீண்ட மறையுரை ஆற்றும் குருக்கள் அவரை மறக்காமலிருப்பது நல்லது.)

நம் இலக்கணத்தில் இதற்கு அழகான பெயரே உண்டு. ஒரு பண்பின் பெயர் அப்பண்பையுடைய பொருளுக்கு ஆகிவருவது பண்பாகுபெயர். வெள்ளை அடித்தான் என்றால் வெள்ளை நிறத்தையா அடித்தான்? சுண்ணாம்பை அடித்தான். ஆங்கிலத்தின் யூத்தும் இவ்வகையே. இளமை என்னும் பண்பு, இளையவர் கூட்டத்துக்கும், பிறகு இளையவன் ஒருவனுக்கும் ஆகிவந்தது. இது நேற்று நிகழ்ந்ததன்று. ஆயிரம் ஆண்டுப் பழமையான ஏட்டில் நமக்குக் கிடைத்துள்ள பேவுல்ஃப் என்னும் பழைய ஆங்கிலக் காப்பியத்திலேயே, இச்சொல்லின் மூதாதை அரசனது மண்டபத்து இளம் வீரர் கூட்டத்தைக் குறிக்கிறது. வாள் பிடித்த ஆண்கள் அவர்கள். தீப்பெட்டி ஒட்டும் பெண்களுக்கு அந்த மண்டபத்தில் அன்றே இடமில்லை.

இலத்தீனிலும் இயுவெந்துஸ் என்பது பருவத்தையும் கூட்டத்தையும் குறிக்கும். எங்கள் பங்குத் தம்பிகள் சிலர் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட பனியன் அணிந்து பந்து விளையாடுகிறார்கள். அதன் முதுகில் எழுதியிருக்கும் யுவெந்துஸ் என்ற பெயருக்கு இளமை என்று பொருள் என நான் சொன்னபோது அவர்கள் வியந்தார்கள். இத்தாலியின் தூரின் நகரில் பள்ளி மாணவர்கள் சேர்ந்து 1897இல் தொடங்கிய கழகம் அது. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்வரை அதே நகரில்தான் தொன் போஸ்கோ தெருப்பிள்ளைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு வாழ்ந்தார்.

எந்த வயது வரை ஒருவர் யூத்? இங்கும் சொல் நழுவுகிறது. உரோமை அறிஞர் வர்ரோ, 30 வயது வரை இளமைக்கு முந்தைய பருவம் என்றும், 30 முதல் 45 வரைதான் இளமை என்றும் வகுத்தார். ஏழாம் நூற்றாண்டில் மறைந்த செவில் நகர் ஆயர் புனித இசிதோர் இன்னும் தாராளமாக அதை 50 வரை நீட்டினார். நான் அந்த எல்லையையும் தாண்டிவிட்டேன் என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். 1985ஆம் ஆண்டை அனைத்துலக இளைஞர் ஆண்டாகக் கொண்டாடிய ஐ.நா. அவை 15 முதல் 24 வரை என்று கணக்கு வைத்துக்கொண்டது. நம் நாட்டின் தேசிய இளைஞர் கொள்கை 2003இல் 13 முதல் 35 வரை என்றது. 2014இல் வந்த கொள்கை அதை 15 முதல் 29 வரை என்று சுருக்கியது. நம் மூதாதையரோ பெண்களுக்கு மட்டும் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழு படி வைத்து, ஒவ்வொன்றுக்கும் வயதும் எழுதினார்கள். ஆங்கிலம் ஒரே சொல்லில் அடைத்ததை ஏழாகப் பிரித்தவர்கள், அந்தப் பெண்கள் படித்தார்களா என்று கேட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

வயதை எழுதாமல் யூத் என்று மட்டும் எழுதுவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. 16 வயதுப் பிள்ளை ஐ.நா. கணக்கில் யூத். ஆனால் 2012இல் வந்த போக்சோ சட்டத்தின் முன்னே அது குழந்தை. சுற்றுலாவுக்கோ தியானத்துக்கோ அழைத்துச்செல்லும்போது, '40 யூத்' என்று எழுதி அனுமதிக் கடிதத்தை என்னிடம் நீட்டுவார்கள். நான் கையெழுத்திடுவதில்லை. 18 நிரம்பாதவர் எத்தனை பேர், அவர்களுள் பெண்கள் எத்தனை பேர், உடன்செல்லும் பெரியவர் யார் என்று எழுதிவரச் சொல்கிறேன். சாமியாருக்கு வயதாகிவிட்டது, எல்லாவற்றிலும் நொட்டை சொல்கிறார் என்று முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

திருச்சபையின் ஆங்கிலத்திலும் ஒரு மாற்றம் நிகழ்ந்திருப்பதைக் காண்கிறேன். 1985இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இளையோருக்கு எழுதிய திருத்தூதுமடலின் ஆங்கிலத் தலைப்பில், உலகின் யூத்துக்கு என்று தொகுதிப்பெயர் நிற்கிறது. 2018இல் கூடிய ஆயர் மாமன்றத்தின் ஆங்கிலத் தலைப்பிலும், அதையடுத்து 2019இல் வெளிவந்த 'கிறிஸ்து வாழ்கிறார்' என்னும் திருத்தூது ஊக்கவுரையின் தலைப்பிலும், யங் பீப்பிள் என்றே உள்ளது. இரண்டும் சரியான ஆங்கிலமே. ஆனால் முன்னதில் ஒரு கூட்டம் தெரிகிறது. பின்னதில் ஆள்கள் தெரிகிறார்கள். 2001இல் எனக்கு வேண்டியிருந்தது பின்னதுதான்.

அடுத்த விண்ணப்பத்தைச் சகோதரி பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதவைத்தார். 19 யங் விமன், 13 யங் மென், வயது 15 முதல் 24 என்று முதல் வரியிலேயே இருந்தது. திட்டத்தில் ஒரு காசுகூட மாற்றவில்லை. அதே கணிப்பொறிகள், அதே பிள்ளைகள், அதே கூரை. பணம் வந்துசேர்ந்தபோது 2003 சனவரி.

இடைப்பட்ட காலத்தில் அந்த 19 பேரில் நால்வருக்குத் திருமணமாகியிருந்தது. முதலில் வந்து கேட்டாளே, அவளும் அந்த நால்வரில் ஒருத்தி. முதல் விண்ணப்பம் தள்ளுபடியான சில மாதங்களில் அவளுடைய தந்தை என்னிடம் ஓலை எழுத வந்தார். இன்னும் ஓராண்டு பொறுக்கக்கூடாதா, கணிப்பொறி வந்துவிடுமே என்று நான் சொன்னேன். "வரும் வரும்னு எத்தனை நாளைக்குச் சாமி வச்சுக்கிட்டு இருக்கிறது? நல்ல மாப்பிள்ளை" என்றார் அவர். நல்ல மாப்பிள்ளைதான். அதில் எனக்குக் குறையில்லை. நானே திருமணத் திருப்பலி நிறைவேற்றி, அவர்களது பெயர்களைத் திருமணப் பதிவேட்டில் எழுதினேன். அந்தப் பதிவேட்டில் பெயர், வயது, தந்தை பெயர், தாய் பெயர் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதவேண்டும் என்பது விதி. எழுதிக்கொண்டிருக்கும்போது அந்த முதல் கடிதத்தின் நினைவு வந்தது. அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

2023இல் மாற்றலாகி இந்த ஊருக்கு வந்தேன். அவள் வாழ்க்கைப்பட்ட ஊர் இது. முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் வந்து, "என்னைத் தெரியுதா சாமி?" என்று கேட்டாள். தெரிந்தது. பதாகை வேலையாக வந்து நின்ற அந்த ஆங்கில இலக்கிய மாணவி, அவளுடைய மகள்.

அந்தக் கோப்பிலிருந்து மூன்று கடிதங்களையும் எடுத்து வராந்தா விளக்கின்கீழ் வைத்தேன். மகள் நின்றபடியே படித்தாள். தம்பிகள் இருவரும் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்த்தனர். அவர்களுக்குச் சகோதரியின் பாடத்தை நானே நடத்தினேன். பெண் பேசவில்லை. கைப்பேசியை எடுத்து 'யூத்ஸ்' என்பதை அழித்து 'யங் பீப்பிள்' என்று மாற்றினாள். பிறகு மேலேயிருந்த தமிழ் வரியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஃபாதர், இங்க 'இளைஞர்களே வருக'ன்னு இருக்கே. இதுவும் அதேதானே?"

நான் அதைக் கவனித்திருக்கவில்லை. 'இளையோர் அனைவரும் வருக' என்று அவளே திருத்தினாள். புறப்படும்போது, "முதல்ல வந்து கேட்டது யார்னு இதுல இல்லையே ஃபாதர்" என்றாள். உன் தாய்தான் என்றேன்.

அடுத்த ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் தாயே வந்தாள். மகள் சொல்லியிருக்கிறாள். அந்தக் கடிதத்தைப் பார்க்கலாமா சாமி என்று கேட்டாள். கொடுத்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் படித்த ஆங்கிலத்தைக் கொண்டு மெல்ல எழுத்துக்கூட்டி வாசித்தாள். 'தர்ட்டி டூ யூத்ஸ்' என்ற இடத்தில் விரலை வைத்தாள்.

"இதுல நானும் இருக்கேனா சாமி?"

"இருக்கணும் அம்மா. நான்தான் சரியாக எழுதவில்லை" என்றேன்.

இரண்டாம் கடிதத்தை எடுத்து, 19 என்று அடித்திருந்த வரியைக் காட்டினேன். அதை எழுதிய தேதியைப் பார்த்தாள். அதற்கு இரண்டு மாதம் முன்பு அவளுக்குத் திருமணம் முடிந்திருந்தது. "அப்பவும் என்னைச் சேர்த்துத்தான் எண்ணியிருக்கீங்க" என்றாள். பட்டியலைத் திருத்தாமல் பழைய கணக்கையே எழுதியிருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கடிதங்களை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, உலையில் அரிசி கிடக்கிறது என்று சொல்லிப் புறப்பட்டாள்.